செயற்கைக்கோள் வழியே மேகம் பார்த்தல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மேகங்கள் ஒரு நாளுக்குள் எப்படி மாறுகின்றன, பருவத்துக்குப் பருவம் எப்படி இடம்பெயர்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கற்றுக்கொடுக்கும்போது, ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தாம் ஒவ்வொரு முறையும் எழுகின்றன. ஆள் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதிவைத்துவிட்டேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. அண்ணாந்து பார்த்தாலே மேகம் தெரிகிறதே, இதற்குப் போய்ச் செயற்கைக்கோளா?

அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிவது தம்மைச் சுற்றிச் சில பத்துக் கிலோமீட்டர் வானம் மட்டுமே. தாழ்வான மேகம் ஒன்று மூடிக்கொண்டால் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பூமியின் பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடல். அங்கே அண்ணாந்து பார்க்க ஆளே இல்லை.

1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-1தான் வெற்றிகரமாக இயங்கிய முதல் வானிலைச் செயற்கைக்கோள். 78 நாள்தான் வேலை செய்தது. ஊர் ஊராக வந்த குறிப்புகளை ஒட்டுப்போட்டு வரைபடம் வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு, மேகங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒழுங்காக அணிவகுத்து நிற்பது அப்போதுதான் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இதற்காகத் தரையிலிருந்து பார்ப்பதை வீண் என்று தள்ளிவிட வேண்டாம். 12ஆம் கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது.

2. ஒரே இடத்தைச் செயற்கைக்கோள் எத்தனை முறை படமெடுக்கும்?

அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. புவிநிலைச் செயற்கைக்கோள், பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகிறது. நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். ஜப்பானின் ஹிமாவாரி-9, அமெரிக்காவின் புதிய கோஸ் வரிசை ஆகியவை தமக்குத் தெரியும் பூமியின் முழு வட்டத்தை 10 நிமிடத்துக்கு ஒரு முறை படமெடுக்கின்றன. இந்தியாவின் இன்சாட்-3டி வரிசைக்கு அரை மணி நேரம்.

துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் மிகவும் தாழ்வாக, 700 முதல் 850 கிலோமீட்டர் உயரத்தில், வடக்கு தெற்காகச் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 நிமிடம். ஒரு செயற்கைக்கோள் ஓர் இடத்தைப் பொதுவாகப் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் பார்க்கும். நாசாவின் டெர்ரா காலை 10:30க்கும், அக்வா பிற்பகல் 1:30க்கும் பூமத்தியரேகையைக் கடக்குமாறு அமைக்கப்பட்டவை. இந்த இரண்டு நேரங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 9ஆம் கேள்வி முழுக்க இவற்றைப் பற்றியதுதான்.

3. இரவில் இருட்டாக இருக்குமே, மேகம் எப்படித் தெரிகிறது?

வெப்பத்தால் தெரிகிறது. எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. 11 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிரைக் காற்று பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆகவே அந்த அலைநீளத்தில் பார்த்தால் தரையின் வெப்பமோ, தரையை மறைக்கும் மேகத்தின் உச்சி வெப்பமோ தெரியும். உயரமான மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கும். குளிர்ந்ததை வெள்ளையாகவும் சூடானதைக் கருமையாகவும் காட்டுவது வழக்கம்.

உயரத்தையும் இதிலிருந்து தோராயமாகக் கணக்கிடலாம். மேலே போகப் போகக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை குளிர்கிறது என்று கொள்வோம். தரை 30 பாகை செல்சியஸ், மேக உச்சி கழித்தல் 60 பாகை என்றால், இடைவெளி 90 பாகை. உச்சி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கு எங்கே காலை வாரும் என்பது 14ஆம் கேள்வியில் வரும்.

4. அகச்சிவப்புப் படத்தில் பளீரென்று வெள்ளையாக இருந்தால் அங்கே மழை கொட்டுகிறது, சரிதானே?

சரியில்லை. வெள்ளை என்றால் உச்சி குளிர்ந்திருக்கிறது, அவ்வளவே. இடிமுகிலும் குளிர்ந்திருக்கும், ஒரு சொட்டுக்கூடத் தராத கீற்று முகிலும் குளிர்ந்திருக்கும். மறுபக்கம், நாள் முழுக்கத் தூறலைக் கொட்டும் தாழ்வான படை முகில் அகச்சிவப்பில் சாம்பல் நிறமாக, ஒன்றுமே இல்லாததுபோல் கிடக்கும்.

பகலாக இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த கட்புலன் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வெள்ளை என்றால் தடித்த, உயரமான மேகம். அகச்சிவப்பில் மட்டும் வெள்ளை என்றால் மெல்லிய கீற்று முகில். கட்புலன் படத்தில் மட்டும் வெள்ளை என்றால் தாழ்வான மேகம் அல்லது மூடுபனி. தொடக்கத்தில் இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறுகள் போய்விடும்.

5. படத்தின் ஓரத்தில் 06:00 என்று போட்டிருக்கிறது. காலை ஆறு மணியா?

யாருக்குக் காலை? அந்த நேரம் உலகப் பொது நேரம். கிரீன்விச்சில் 06:00 ஆகும்போது கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு வந்திருக்கும். மேற்கு 90 பாகையில் நள்ளிரவு. தீர்க்கரேகையை 15ஆல் வகுத்து, கிழக்கானால் கூட்டவும் மேற்கானால் கழிக்கவும் வேண்டும். 80 பாகைக்கு 5 மணி 20 நிமிடம் கூடி 11:20 வரும்.

கடிகாரம் காட்டும் அதிகாரபூர்வ நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள். மேகத்துக்கு அரசாங்கம் வகுத்த நேர மண்டலம் தெரியாது, சூரியன் மட்டுமே தெரியும். அன்றாடப் போக்கைப் பற்றி என்னிடம் வந்த விசித்திரமான முடிவுகளில் பெரும்பாலானவை நேரத்தை மாற்ற மறந்ததால் வந்தவை. ஒருவர் பாலைவனத்தில், வெயிலில் முளைக்கும் திரள் முகில் நள்ளிரவில்தான் அதிகம் என்று நிரூபித்தே விட்டார்.

6. வெயில் ஏறினால் மேகம் திரளும், பொழுது சாய்ந்தால் கலையும். இதில் படிக்க என்ன இருக்கிறது?

நிலத்துக்கு அது பெருமளவு உண்மை. தரை சூடேறி, காற்று மேலெழுந்து, முற்பகலில் சிறு திரள் முகில்கள் முளைக்கும். பிற்பகலிலிருந்து மாலைக்குள் அவற்றில் சில இடிமுகிலாக வளரும். சூரிய கிரகணத்தின்போது நிலத்தின் மேலுள்ள சிறு திரள் முகில்கள் கரைந்து மறைவதைப் புவிநிலைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம். அடியில் இருந்த அடுப்பை அணைத்துவிட்டால் வேறு என்ன ஆகும்?

ஆனால் அமேசான் காட்டைப் பாருங்கள். வறண்ட பருவத்துப் பிற்பகலில் காடு முழுக்க மேகம் சோளப்பொரிபோலச் சிதறிக் கிடக்கும்; நடுவே ஆறு மட்டும் மேகமற்ற தெளிவான கோடாக ஓடும். ஆற்று நீர் காட்டைவிடக் குளிர்ந்திருப்பதால், அதன் மேல் காற்று எழுவதில்லை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். பகலில் இடிமுகில்கள் ஏரியைச் சுற்றிய நிலத்தில், ஏரி தெளிவாக இருக்கும். இரவில் நிலத்திலிருந்து காற்று ஏரிக்குள் பாய, புயல்கள் தண்ணீரின் மேல். இமயத்தின் அடிவாரத்தில் பின்னிரவிலும், வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் கோடை நள்ளிரவிலும் பெரிய மேகத் தொகுதிகள் உச்சம் தொடுகின்றன. சுமத்ராவின் மேற்குக் கரையில் மாலையில் மலைமேல் பிறக்கும் மேகம், இரவு முழுக்கக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே ‘மேகம் எத்தனை மணிக்கு உச்சம்’ என்ற கேள்விக்கு, எந்த இடம், எந்த வகை மேகம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

7. கடலில் மேகம் ஏன் விடியற்காலையில் அதிகம்? அங்கேயும் சூரியன் பகலில்தானே அடிக்கிறது?

கடல் வெப்பத்தை ஆழமாக வாங்கி வைத்துக்கொள்வதால் அதன் மேற்பரப்பு பகலுக்கும் இரவுக்கும் பெரிதாக மாறுவதில்லை. எனவே கீழிருந்து வரும் தூண்டுதல் சமமாக இருக்க, மேலிருந்து நடப்பது முடிவுசெய்கிறது. பெரு, நமீபியா, கலிபோர்னியா கரைகளுக்கு அப்பால் தாழ்வாக, பாய்போல விரிந்து கிடக்கும் திரள்படை முகிலை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் அதன் உச்சி விண்ணை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று கீழே இறங்கிக் கலக்க, கடலின் ஈரம் மேலே வந்துகொண்டே இருக்கிறது. பகலில் மேகம் வெயிலைக் கொஞ்சம் உறிஞ்சிச் சூடேறுகிறது. கலவை தளர்கிறது, ஈரம் வருவது குறைகிறது, மேகம் மெலிந்து ஓட்டை விழுகிறது. ஆகவே விடியலுக்கு முன் உச்சம், பிற்பகலில் தாழ்வு.

வெப்பமண்டலக் கடலின் உயரமான இடிமுகில்களுக்கும் விடியலை ஒட்டித்தான் உச்சம். ஆனால் அதன் ஏற்ற இறக்கம் நிலத்தில் காண்பதைவிடச் சிறியது. காரணமும் ஒரே விளக்கத்தில் அடங்கிவிடுவதில்லை. இரவுக் குளிர்ச்சி, நிலத்திலிருந்து வரும் காற்று, மேகமுள்ள பகுதிக்கும் தெளிந்த பகுதிக்கும் இடையிலான குளிர்ச்சி வேறுபாடு என்று பலவும் சேர்கின்றன.

8. பருவ மாற்றத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பூமத்தியரேகையை ஒட்டிய மேகப்பட்டையை. இரு அரைக்கோளத்துக் காற்றுகளும் வந்து மோதும் இடம் அது. சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கும் தெற்குமாக அசைகிறது, ஆனால் உடனே அல்ல, சில வாரம் பின்தங்கியே. நிலத்தின் மேல் நெடுந்தூரம் போகும். ஆசியப் பருவமழையின் மேகமும் இந்த இடப்பெயர்ச்சியின் ஓர் அங்கமே. பசிபிக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி பூமத்தியரேகைக்கு வடக்கிலேயே நின்றுவிடுகிறது.

திரள்படை முகிலுக்கு வேறு நாட்காட்டி. கலிபோர்னியாவுக்கு அப்பால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை அதிகம். பெருவுக்கும் நமீபியாவுக்கும் அப்பால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. மேலே வெப்பமான காற்றும் கீழே குளிர்ந்த கடலும் மிகவும் வேறுபட்டு நிற்கும் மாதங்கள் அவை. மாறாததையும் கவனியுங்கள்: தென்முனைப் பெருங்கடலின் மேல் எந்த மாதம் எடுத்தாலும் மேகம்தான், சகாராவில் எந்த மாதம் எடுத்தாலும் வெறுமைதான்.

9. டெர்ரா நாளுக்கு இரண்டு முறை பார்க்கிறது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. அன்றாடப் போக்கைக் கண்டுபிடிக்க அது போதாதா?

போதாது. ஒரு கணக்கோடு காட்டுகிறேன். ஓரிடத்தில் அதிகாலை 5 மணிக்கு மேகம் 80 விழுக்காடு, மாலை 5 மணிக்கு 50 விழுக்காடு, இடையில் அலைபோல ஒழுங்காக ஏறி இறங்குகிறது என்று கற்பனை செய்வோம். சராசரி 65. காலை 10:30க்குப் பார்த்தால் 67 வரும், இரவு 10:30க்குப் பார்த்தால் 63 வரும். ‘இங்கே பெரிய மாற்றமே இல்லை’ என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் 30 புள்ளி ஊசலாட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

அதே இடத்தை அக்வா பிற்பகல் 1:30க்குப் பார்த்தால் 56, அதிகாலை 1:30க்குப் பார்த்தால் 74. இதைப் பார்த்துவிட்டு ‘நள்ளிரவுக்குப் பின் 1:30க்குத்தான் உச்சம்’ என்று சொன்னாலும் தவறு. இரண்டு புள்ளிகளைக் கொண்டு ஓர் அலையின் உயரத்தையும் உச்ச நேரத்தையும் ஒருசேரக் கண்டுபிடிக்க முடியாது. அன்றாடப் போக்குக்குப் புவிநிலைச் செயற்கைக்கோள்தான் சரியான கருவி. துருவச் செயற்கைக்கோளின் வலிமை நுணுக்கமான படமும் உலகம் முழுவதையும் ஒரே கருவியால் அளப்பதும்.

10. எத்தனை நாள் தரவு எடுத்தால் போதும்?

ஒரு நாள் படம் அன்றைய வானிலையைச் சொல்லும், போக்கைச் சொல்லாது. அன்றாடப் போக்குக்குக் குறைந்தது ஒரு மாதத்தின் ஒவ்வொரு நாளையும் எடுத்து, காலை 6 மணிப் படங்களை எல்லாம் தனியாக, 7 மணிப் படங்களை எல்லாம் தனியாகச் சராசரி பாருங்கள். கடந்துபோன புயல்கள் கரைந்து, மீதம் நிற்பது அந்த இடத்தின் இயல்பு. மாதங்களைக் கலக்கக் கூடாது. மழைப் பருவத்து அன்றாடப் போக்கும் வறண்ட பருவத்து அன்றாடப் போக்கும் வேறு வேறு.

பருவப் போக்குக்குப் பல ஆண்டுகள் வேண்டும். கிழக்குப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் பசிபிக் கடலின் மேகமே கிழக்கே நகர்ந்து நிற்கும், அதை இயல்பு என்று நினைத்துக்கொள்வீர்கள். பல நாட்டுச் செயற்கைக்கோள்களை ஒன்றுசேர்த்த சர்வதேச மேகத் தொகுப்பு, 1983 ஜூலை முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கிடைக்கிறது.

11. ஒரு தொகுப்பில் மேகம் 60 விழுக்காடு, இன்னொன்றில் 70. எது உண்மை?

இரண்டும் தத்தம் வரையறைப்படி உண்மை. ஒரு படப்புள்ளி 4 கிலோமீட்டர் நீள அகலம் கொண்டது, அதற்குள் 1 கிலோமீட்டர் நீள அகலத்தில் ஒரு சிறு மேகம் இருக்கிறது என்று வையுங்கள். பரப்பில் அது ஆறு விழுக்காடுதான். ஆனால் ‘மேகம் உண்டு, இல்லை’ என்று மட்டும் விடையளிக்கும் முறை அந்தப் புள்ளியை நூறு விழுக்காடு மேகமாகவும் எழுதலாம், பூச்சியமாகவும் எழுதலாம். இதோடு, கண்ணுக்கே தெரியாத மெல்லிய கீற்று முகிலை மேகமாக எண்ணுவதா என்பதும் ஒரு தீர்மானம். நுண்ணுணர்வு மிக்க கருவி அதிக மேகம் காட்டும்.

டெர்ரா, அக்வா இரண்டிலும் உள்ள மோடிஸ் கருவியின் கணக்கில் உலகின் சராசரி ஏறத்தாழ 67 விழுக்காடு; கடலில் சுமார் 72, நிலத்தில் சுமார் 55. எண்ணைவிட வடிவத்தை நம்புங்கள். கடலில் அதிகம், நிலத்தில் குறைவு என்பதில் தொகுப்புகளுக்குள் சண்டை இல்லை. இரண்டு தொகுப்புகளின் எண்களை மட்டும் ஒரே கோட்டில் சேர்த்து வரையாதீர்கள்.

12. நான் தரையில் நின்று பார்த்தபோது வானம் எட்டில் இரண்டு பங்கு மேகம். செயற்கைக்கோள் முழுவதும் மேகம் என்கிறது. யார் தவறு?

பெரும்பாலும் யாரும் தவறில்லை. வெயிலில் நின்று பார்ப்பவருக்கு மெல்லிய கீற்று முகில் வெளிறிய நீலமாகவே தெரியும். செயற்கைக்கோள் அதைப் பிடித்துவிடும். இதற்கு நேர்மாறும் உண்டு. அடிவானத்தை நோக்கிப் பார்க்கும்போது திரள் முகில்களின் பக்கச் சுவர்களும் கண்ணை மறைப்பதால், தரையில் இருப்பவர் உள்ளதைவிடக் கூடுதலாகக் குறித்துவிடுவார்.

பொருத்திப் பார்க்க விரும்பினால் நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள். செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு 15 நிமிடம் முன்னும் பின்னும் இருக்கலாம், அதற்கு மேல் போனால் நீங்கள் பார்த்த மேகம் வேறு, அது பார்த்த மேகம் வேறு. மேக அளவோடு வகையையும் குறியுங்கள். தாழ்வான மேகத்தின் அடிப்பாகம் செயற்கைக்கோளுக்குத் தெரியாது, அதைச் சொல்ல உங்களால்தான் முடியும்.

13. வெண்பனி மூடிய தரையும் வெள்ளை, மேகமும் வெள்ளை. எப்படிப் பிரிப்பது?

1.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பாருங்கள். அங்கே பனி சூரிய ஒளியை உறிஞ்சிக் கருமையாகத் தெரியும். நீர்த்துளி மேகம் வெள்ளையாகவே இருக்கும். துருவத்தின் நீண்ட இரவில் இந்த உத்தி பயன்படாது. அங்கே தரையே மேகத்தைவிடக் குளிர்ந்து கிடப்பதுண்டு. 3ஆம் கேள்வியின் தர்க்கம் தலைகீழாகிவிடும். துருவ இரவு மேக எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுகுவது நல்லது.

14. மேலே ஒரு மேகம், கீழே ஒரு மேகம் என்று அடுக்கடுக்காக இருந்தால்?

சாதாரணப் படத்தில் மேலே உள்ளதுதான் தெரியும். மேலே உள்ளது மெல்லியதாக இருந்தால் இன்னும் மோசம்: கீழிருந்து கசியும் வெப்பமும் சேர்ந்து, இரண்டுக்கும் நடுவே, உண்மையில் எதுவுமே இல்லாத உயரத்தில் ஒரு மேகம் இருப்பதாகக் கணக்கு வரும். கடலின் திரள்படை முகிலிலும் உயரக் கணக்கு பிசகும். அதன் தலைக்கு மேல் வெப்பமான காற்று இருப்பதால் ‘மேலே போகப் போகக் குளிரும்’ என்ற விதி அங்கே உடைகிறது.

இதற்காகவே 2006 ஏப்ரல் 28 அன்று ரேடாருடன் கிளவுட்சாட்டும், லேசர் கருவியுடன் கலிப்சோவும் ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்டன. அவை மேகத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டின. ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர், இரண்டு கருவிகளையும் ஒரே உடலில் சுமக்கிறது. குறை என்னவென்றால் இவை காண்பது தம் பாதைக்கு நேர் கீழே உள்ள மெல்லிய கோட்டை மட்டும். 9ஆம் கேள்வியில் சொன்ன நேரச் சிக்கலும் அப்படியே உண்டு.

15. இடிமுகில் இருக்கும் இடத்துக்கும் மழை பெய்த இடத்துக்கும் சில கிலோமீட்டர் வித்தியாசம் வருகிறதே?

செயற்கைக்கோள் சாய்வாகப் பார்ப்பதால் வரும் இடப்பிழை அது. 12 கிலோமீட்டர் உயர மேக உச்சியை 45 பாகைச் சாய்வில் பார்த்தால், அது தரையில் 12 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகப் பதிவாகும். தள்ளும் திசை எப்போதும் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து விலகித்தான் இருக்கும்.

நேரத்திலும் இப்படி ஒரு தள்ளல் உண்டு. இடிமுகிலின் மழை ஓய்ந்த பிறகும் அதன் உச்சியில் விரிந்த பனித்துகள் குடை மணிக்கணக்கில் மிதக்கும். எனவே அகச்சிவப்பில் குளிர்ந்த மேகப் பரப்பின் உச்சம், மழையின் உச்சத்துக்குச் சில மணி நேரம் கழித்தே வரும். 4ஆம் கேள்வியை மறந்தவர்கள் இங்கே இரண்டாம் முறை வழுக்குவார்கள்.

16. மேகம் எந்த நேரத்தில் வந்தால் என்ன? மொத்தம் எவ்வளவு என்பதுதானே முக்கியம்?

பகல் மேகம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, தரையின் வெப்பத்தையும் பிடித்துவைக்கிறது. இரவு மேகத்துக்கு இரண்டாவது வேலை மட்டும். உலகச் சராசரியில் மேகங்கள் சதுர மீட்டருக்கு 45 முதல் 50 வாட் வரை சூரிய ஆற்றலைத் திருப்பி, 25 முதல் 30 வாட் வரை வெப்பத்தைப் பிடிக்கின்றன. மிச்சம், சுமார் 20 வாட் குளிர்ச்சி. மொத்த மேக அளவு மாறாமல், நண்பகல் மேகம் கொஞ்சம் இரவுக்கு இடம்பெயர்ந்தால்கூட இந்தக் கணக்கு வெப்பத்தின் பக்கம் சாயும்.

17. இருபது ஆண்டுத் தரவில் கோடு வரைந்தேன், மேகம் குறைந்துகொண்டே போகிறது. பருவநிலை மாற்றம்தானே?

இருக்கலாம். ஆனால் முதலில் கருவியைச் சந்தேகியுங்கள். துருவச் செயற்கைக்கோள்கள் எரிபொருளைக் கொண்டு பாதையைத் திருத்தாவிட்டால் அவற்றின் கடக்கும் நேரம் மெல்ல நகரும். டெர்ரா இப்போது 10:30ஐவிட முன்னதாகவும், அக்வா 1:30ஐவிடப் பின்னதாகவும் கடக்கின்றன. 9ஆம் கேள்வியின் கற்பனை இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பார்க்கும் நேரம் 1:30லிருந்து 3:30க்கு நகர்ந்தால், மேகம் ஒன்றுமே மாறாமல், அளவு 56லிருந்து சுமார் 51க்கு இறங்கிவிடும். காலம் முழுவதும் ஒரே நேரத்தில் எடுத்த பதிவுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

புவிநிலைச் செயற்கைக்கோளிலும் பொறி உண்டு. சாய்வாகப் பார்க்கும்போது மேகங்களுக்கு இடையிலுள்ள சந்துகள் மறைந்து மேகம் அதிகமாகத் தெரியும். இடையில் புதிய செயற்கைக்கோள் வந்து அந்த இடத்தை நேராகப் பார்க்கத் தொடங்கினால், திடீரென்று மேகம் ‘குறையும்’. உங்கள் கோட்டில் படிக்கட்டு போன்ற இறக்கம் தெரிந்தால், அந்த ஆண்டில் எந்தச் செயற்கைக்கோள் மாற்றப்பட்டது என்று தேடுங்கள்.

18. நிரல் எழுதத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் டெர்ரா, அக்வா படங்களைக் கட்டணமின்றி நாள்வாரியாகப் பார்க்கலாம். மலையும் கடலும் அருகருகே இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வேறுபாடு சட்டென்று தெரியும். ஒரே மாதத்தின் எல்லா நாளுக்கும் டெர்ராவின் முற்பகல் படத்தையும் அக்வாவின் பிற்பகல் படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மலைமேல் மேகம் கூடியதா, கடல்மேல் குறைந்ததா என்று மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். பிறகு ஆறு மாதம் தள்ளி இன்னொரு மாதத்துக்கு அதையே செய்யுங்கள்.

அதற்குப் பிறகு ஏதாவது ஒரு புவிநிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்களுக்குப் போகலாம். ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: நாள், சூரிய நேரம், செயற்கைக்கோளின் பெயர், எந்த அலைநீளப் படம். நான்கில் ஒன்று விடுபட்டாலும் அந்தக் குறிப்பை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.